கிட்டியும் பட்டாவும்

ரயத்துவாரி முறையைப் பற்றி எழுதுகிறவர்கள் மன்றோவிடமிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1792-ல் பாராமகால் திப்புவிடமிருந்து கம்பெனிக்கு வந்தது. ரீடும் அவருக்குக் கீழே மன்றோவும் நிலத்தை அளந்தார்கள். ஜமீன்தார் வேண்டாம், சர்க்கார் ரயத்தோடு நேரே பேசட்டும் என்ற யோசனை அங்கே உருவாயிற்று. 1820-ல் மன்றோ கவர்னரானபின் ராஜதானியின் பெரும்பகுதிக்கு அதுவே ஏற்பாடாயிற்று. இதெல்லாம் சரி. என் அக்கறை அந்த ‘நேரே’ என்ற சொல்லில்.

நடுவில் யாருமில்லை என்பது காகிதத்தில். நடைமுறையில் தாசில்தார், மணியக்காரர், கர்ணம், சேவகன். 1854-ல் பார்லிமெண்டில் விஷயம் கிளம்பியபிறகு சென்னையில் ஒரு கமிஷன் அமைந்தது. வரி வசூலுக்காக ஜனங்கள் சித்திரவதை செய்யப்பட்டது உண்மை என்று அதன் 1855 அறிக்கை ஒப்புக்கொண்டது. (மார்க்ஸ் அதைப் படித்து 1857-ல் ஒரு நியூயார்க் பத்திரிகையில் எழுதினார்.) அறிக்கையின் ஆங்கிலத்துக்கு நடுவே இரண்டு சொற்கள் அப்படியே நிற்கின்றன: கிட்டி, அண்ணாந்தாள்.

கிட்டி என்பது ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டைகள். இடையில் விரல்களை வைத்து நெருக்குவது. அண்ணாந்தாள், கழுத்தையும் காலையும் கயிற்றாலோ அவனவன் துணியாலோ பிணைத்துக் குனிந்தபடியே நிறுத்துவது. நிமிரச் சொல்லும் சொல் குனியவைக்கும் தண்டனைக்குப் பெயராகியிருக்கிறது. வதைத்தவனின் நகைச்சுவை என்றுதான் எனக்குப் படுகிறது.

வதைத்தவர்கள் சுதேசி உத்தியோகஸ்தர்கள், ஜனங்கள் பாதுகாப்புக் கேட்பது அவர்களிடமிருந்துதான், வெள்ளைக்காரரிடமிருந்தல்ல என்றது கமிஷன். சாமர்த்தியமான வாதம். வரியின் அளவை நிர்ணயித்தது சேவகனா? நிஜாமிடமிருந்து பெற்ற ஜில்லாக்களில் வரியைக் கால்பங்கு குறைக்கவேண்டும் என்று மன்றோவே 1807-ல் எழுதினார். மேலிடம் அப்போது இசையவில்லை. விளைச்சல் காசாவதற்குள் கிஸ்தி நாள் வந்துவிடும். வசூலுக்குப் பொறுப்பான தாசில்தாரிடமே போலீஸ் அதிகாரமும் இருந்தது. ரயத்து யாரிடம் போய்ப் புகார் சொல்வான்?

1859 சட்டம் போலீஸைத் தனியாகப் பிரித்தது. 1864-ல் நிகர விளைச்சலில் பாதி சர்க்காருக்கு என்று விதி வந்தது. பாதி என்பது அப்போது சலுகை.

நம் உரைநடையின் வரலாற்றில் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை (1879) ஒரு தொடக்கமாக வைக்கிறோம். அதற்கு இருபத்துநாலு வருஷம் முன்பே ரயத்துகள் தங்கள் உடம்புக்கு நேர்ந்ததைக் கமிஷன் முன் சொல்லியிருக்கிறார்கள். அச்சில் நமக்குக் கிடைப்பது அதன் ஆங்கிலம். அந்த வாக்குமூலங்களை மறுபடி தமிழாக்க யாராவது உட்கார்ந்தால், எந்தத் தமிழில் எழுதுவது என்பதே முதல் சிக்கலாக இருக்கும். மனு எழுதிக்கொடுத்தவனின் தமிழிலா, கர்ணத்தின் தமிழிலா, விரல் நசுங்கியவனின் தமிழிலா?