தொண்டும் தலைமையும்: டுவார்ட்டே றோட்டரிக் கழகத்தின் வழக்கு

1964ஆம் ஆண்டு சர்வதேச றோட்டரி இயக்கத்தின் சட்டவாக்கப் பேரவை கூடியபோது, அதன் நிகழ்ச்சி நிரலில் இலங்கையைச் சேர்ந்த றோட்டரிக் கழகமொன்றின் பிரேரணையும் இடம்பெற்றிருந்தது. பெண்களையும் கழகங்களில் அங்கத்தவராகச் சேர்த்துக்கொள்ள இடமளித்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். அப்பிரேரணை மீளப்பெறப்படல் வேண்டும் எனப் பேராளர்கள் வாக்களித்தனர். விடயம் அவ்வளவில் முடிந்தது. பிரேரணையை அனுப்பிய நாட்டின் அன்றைய நிலைமையை நோக்குமிடத்து இம்முடிவிலுள்ள முரண் புலனாகும். 1960 யூலையில் உலகின் முதற் பெண் பிரதமராகப் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்காவே அப்பொழுது இலங்கையின் ஆட்சித் தலைமையை வகித்துவந்தார். ஒரு நாட்டை ஆளத் தகுதியுடையவராக மக்கள் ஏற்றுக்கொண்ட ஒருவர், அந்நாட்டின் எந்தவொரு நகரத்து றோட்டரிக் கழகத்திலும் சாதாரண அங்கத்தவராகச் சேரும் தகுதியற்றவராக இருந்தார்.

பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர், அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலுள்ள டுவார்ட்டே என்னும் சிறுநகரத்துக் கழகம், எவரிடமும் அனுமதி கோராது, மூன்று பெண்களைத் தன் அங்கத்தவராக்கிக் கொண்டது. இலங்கைக் கழகம் விதியை மாற்றிய பின்னர் செயற்பட விரும்பியது. டுவார்ட்டேக் கழகம் செயற்பட்ட பின்னர் விதியை எதிர்கொண்டது. இவ்விரு வழிகளுள் இரண்டாவதே பயனளித்தது என்பது வரலாறு. எனினும் அது பயனளித்த விதம் எளிதானதன்று. தொண்டுக் கழகம் என்பது உண்மையில் யாது என்ற வினாவை அது நீதிமன்றத்தின் முன் நிறுத்திற்று.

றோட்டரி இயக்கம் தொண்டு நோக்கத்தோடு தோன்றியதன்று. 1905ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி சிக்காகோ நகரில் போல் ஹரிஸ் என்ற வழக்கறிஞர், நிலக்கரி வணிகர் ஒருவரையும் சுரங்கப் பொறியியலாளர் ஒருவரையும் தையற் தொழிலர் ஒருவரையும் சந்தித்து நடத்திய கூட்டமே அதன் தொடக்கம். முகமறியாத பெருநகரொன்றில் தொழில் நடத்துவோர் தம்முள் நட்புக்கொள்ளவும், அந்நட்பினால் ஒருவர்க்கொருவர் தொழிலில் உதவவும் வேண்டும் என்பதே அவர்தம் எண்ணமாயிருந்தது. கூட்டங்கள் ஒருவரது பணிமனையிலிருந்து மற்றவரது பணிமனைக்குச் சுழன்று சென்றமையால் சுழற்சியைக் குறிக்கும் பெயர் ஏற்பட்டது. பொதுப்பணி பின்னர் வந்து சேர்ந்ததே. 1907ஆம் ஆண்டளவில் சிக்காகோவிற் பொது மலசலகூடம் அமைப்பதற்குக் கழகம் எடுத்த முயற்சி அதன் முதற் பொதுப்பணியாகக் கூறப்படுகின்றது. பின்னாளில் உலகெங்கும் பரந்த ஓர் இயக்கத்தின் தொடக்கம் இத்துணைச் சாதாரணமான, ஆயின் எவர்க்கும் தேவையான, ஒரு காரியமாக இருந்தமை அவ்வியக்கத்துக்கு இழுக்கன்று.

இக்கழகங்களின் அமைப்பில் ஒரு விதி சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது. ஒவ்வொரு தொழிற்றுறைக்கும் ஒருவரைத் தெரிந்தெடுத்து, ஊரின் தொழில் வாழ்வு முழுவதன் குறுக்குவெட்டாகக் கழகத்தை அமைத்தல் வேண்டும் என அக்காலத்தில் அவ்விதி கூறிற்று. மருத்துவர், வழக்கறிஞர், வங்கி முகாமையாளர், பாடசாலைத் தலைவர் என ஊரின் பொறுப்பாளர்கள் ஒரே மேசையைச் சுற்றி வாரந்தோறும் கூடியபோது ஊரின் தேவையும் அதனைத் தீர்க்கும் வலுவும் ஓரிடத்திற் சந்தித்தன. இக்கழகங்களின் செயற்றிறனுக்கான அடிப்படை இதுவே. ஆனால் இதே விதிதான் ஆண்கள் மட்டும் என்ற மற்றைய விதிக்குக் காலப்போக்கில் எதிரியாயிற்று. ஊரின் பொறுப்புகளுக்குப் பெண்கள் வரத் தொடங்கியதும், பெண்களை விலக்கிய கழகம் ஊரின் குறுக்குவெட்டாக இருத்தல் இயலாது போயிற்று.

இலங்கையின் முதலாவது றோட்டரிக் கழகம் 1929இற் கொழும்பில் அமைந்தது. அதே காலப்பகுதியில் இங்கு பெண்களின் பொதுப்பணி வேறொரு வழியில் வளர்ந்துகொண்டிருந்தது. கனடாவிற் பிறந்து மருத்துவராக இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து இந்நாட்டிலேயே வாழ்ந்த மேரி இரத்தினம், 1909இல் தோன்றிய தமிழ் மாதர் சங்கத்தின் உருவாக்கத்திற் பங்குகொண்டவர். 1930இல் அவர் தொடக்கிய லங்கா மகிலா சமித்தி கிராமங்களுக்குச் சென்றது; சுகாதாரம், போசணை, குழந்தை வளர்ப்பு, கைப்பணி என்பவற்றைக் கிராமப் பெண்களே கூடிக் கற்கவும் நடத்தவும் வழிசெய்தது. அவரது பணிக்காக 1958ஆம் ஆண்டு மக்சேசே விருது வழங்கப்பட்டது. 1941இல் இச்சமித்தியிற் சேர்ந்து, கிராமங்களை நேரிற் கண்டு, காலப்போக்கில் அதன் தலைமைக்கு உயர்ந்தவர்களுள் ஒருவரே சிறிமாவோ பண்டாரநாயக்கா. அரசியலுக்கு வருமுன் அவர் பெற்ற பொதுவாழ்வுப் பயிற்சி அதுவே எனலாம். ஆகவே தொண்டுத் தலைமைக்குப் பெண்கள் ஆயத்தமாக இல்லை என்ற வாதம் இலங்கையைப் பொறுத்தவரை 1964இல் எழவே நியாயமில்லை. ஆயத்தமில்லாதிருந்தது சட்டவாக்கப் பேரவையே.

பெண்களை முற்றாகப் புறந்தள்ளியது றோட்டரி இயக்கம் என்று கூறுதலும் பொருந்தாது. பெண்கள் கூட்டங்களுக்கு விருந்தினராக வரலாம், உரையாற்றலாம், விருதும் பெறலாம். அங்கத்தவரின் மனைவியரும் உறவினரும் தமக்கெனத் தனிச் சங்கம் அமைக்கலாம். 1924இல் இங்கிலாந்தின் மன்செஸ்டர் நகரிற் தோன்றிய 'இன்னர் வீல்' அவ்வகையது. உழைப்பு ஏற்கப்பட்டது, வாக்கும் பதவியுமே மறுக்கப்பட்டன. இம்மறுப்பை முதலில் வினாவுக்குட்படுத்தியோர் மேற்கு நாட்டினர் என்று கருதுவோர்க்கு ஒரு செய்தி கூறத்தக்கது: 1950ஆம் ஆண்டிலேயே, கழக யாப்பிலிருந்து 'ஆண்' என்ற சொல்லை நீக்குமாறு இந்தியக் கழகமொன்று பிரேரித்திருந்தது. தென்னாசியாவிலிருந்து இருமுறை எழுந்த குரல் இருமுறையும் பயனின்றிப் போயிற்று.

டுவார்ட்டே, லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் மலையடிவாரத்திலுள்ள சிறுநகரம். அதன் கழகம் 1970களில் அங்கத்தவர் தொகை குறைந்து தளர்ந்திருந்தது. கழகத்துக்கு ஏற்ற புதியவர்களைத் தேடியபோது, ஊரின் கல்வித்துறையிற் பொறுப்புமிக்க இடங்களிற் பெண்கள் இருப்பதை அது கண்டது. 1977இல் டொனா போகார்ட், மேரி லூ எலியட், றோஸ்மேரி பிறைடாக் ஆகிய மூவரும் அங்கத்தவராயினர். இதனை ஒரு கொள்கைப் போராட்டமாகத் திட்டமிட்டுச் செய்தனர் என்று கொள்வதற்கில்லை. கழகம் உயிரோடிருக்க ஆள் வேண்டியிருந்தது. ஊரிற் தகுதியான ஆட்கள் இருந்தனர். அவர்கள் பெண்களாக இருந்தனர்.

1978இல் சர்வதேசத் தலைமையகம் இது யாப்புக்கு முரணானது என அறிவித்தது. உள் விசாரணையொன்றின் பின் பணிப்பாளர் சபை கழகத்தின் பட்டயத்தை இரத்துச் செய்தது. சர்வதேச மாநாட்டிடம் செய்த முறையீடும் பயனளிக்கவில்லை. மூன்று பெண்களை விலக்கியிருந்தால் கழகம் தப்பியிருக்கும். கழகம் அதனைச் செய்யவில்லை. 'முன்னாள் றோட்டரிக் கழகம்' எனத் தன்னைத் தானே அழைத்துக்கொண்டு, றோட்டரிச் சக்கரத்தின் மீது குறுக்குக் கோடிட்ட சின்னத்தை அணிந்து, அது தொடர்ந்து கூடிற்று. வெளியேற்றப்பட்ட ஓர் அமைப்பு தன் வெளியேற்றத்தையே சின்னமாகச் சூடிக்கொண்டமை நகைச்சுவையுணர்வுடையோர் அங்கு இருந்தனர் என்பதைக் காட்டுகின்றது. அதே வேளை, கழகமும் அதன் பெண் அங்கத்தவர் இருவரும் கலிபோர்ணிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர்.

வழக்கின் சட்ட அடிப்படை அம்மாநிலத்தின் 1959ஆம் ஆண்டுச் சட்டமொன்று. 'அண்ரூ சட்டம்' எனப்படும் அது, வணிகத் தாபனங்கள் பால் முதலிய வேறுபாடுகளாற் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. இங்கேதான் வழக்கின் உட்சிக்கல் இருந்தது. பெண்கள் வெற்றிபெற வேண்டுமாயின், றோட்டரிக் கழகம் ஒரு வணிகத் தாபனத்தின் இயல்புடையது என்று நிறுவ வேண்டியிருந்தது. தொண்டு செய்யும் உரிமையைக் கோரி வந்தோர், அத்தொண்டுக் கழகம் தொண்டுக்கு மட்டும் உரியதன்று என்று வாதிட நேர்ந்தது. மறுபுறம், தலைமையகம் தன்னை வணிகத்தோடு தொடர்பற்ற, அந்தரங்கமான நட்புக் குழுவாகக் காட்ட முயன்றது. ஆண்கள் மட்டும் கூடுவதில் ஒருவகைத் தோழமை உண்டு என்றும், பல்வேறு பண்பாடுகள் நிலவும் நாடுகளிற் செயற்பட இவ்விதி வசதியானது என்றும் அதன் சார்பில் சாட்சியமளிக்கப்பட்டது. இப் 'பண்பாடுகள்' எவையென விளக்க வேண்டியதில்லை; கீழைத்தேயத்தின் பெயரால் மேலைத்தேயத்தின் விதியொன்று பாதுகாக்கப்பட்டது. அக்கீழைத்தேயத்துக் கழகங்கள் 1950இலும் 1964இலும் கேட்டது யாதென்பது அங்கு எடுபடவில்லை.

விசாரணை நீதிமன்றம் தலைமையகத்தின் பக்கம் நின்றது: அங்கத்தவர் பெறும் தொழில் நன்மைகள் தற்செயலானவை என அது கண்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1986இல் அதனை மாற்றிற்று. சிக்கலான நிருவாக அமைப்பு, பெரிய பணியாட்டொகுதி, வரவுசெலவு, சஞ்சிகை முதலிய வெளியீடுகள், முகாமைத்துவ நுட்பங்களைக் கற்பிக்கும் மாநாடுகள் என்பவற்றைச் சுட்டி, தொழில் நன்மை இக்கழகங்களின் பிரிக்கவொண்ணாத பகுதி என அது முடிவு செய்தது. றோட்டரியின் 1905ஆம் ஆண்டுத் தோற்றத்தை அறிந்தோர்க்கு இம்முடிவு வியப்பளித்திராது.

இறுதியாக வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றத்தை அடைந்தது. 1987ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி, தீர்ப்பிற் பங்குகொண்ட நீதியரசர் எழுவரும் டுவார்ட்டேக் கழகத்தின் சார்பாகவே முடிவு கண்டனர். தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் பவல். ஒன்றுகூடும் சுதந்திரம் அரசியல் யாப்பினாற் பாதுகாக்கப்படுவது உண்மையே. ஆயின் அப்பாதுகாப்பு குடும்பம் போன்ற நெருங்கிய உறவுகளுக்கு உரிய அளவில் இத்தகைய கழகங்களுக்கும் உரியதா என்பதே கேள்வி. 1982 ஓகஸ்டில் 157 நாடுகளில் 19,788 கழகங்களையும் ஏறக்குறைய 907,750 அங்கத்தவரையும் கொண்டிருந்தது இவ்வியக்கம். சில கழகங்களில் இருபதுக்கும் குறைவானோர். சிலவற்றில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர். கூட்டங்களுக்கு விருந்தினர் வருவர்; பிற கழகத்தார் வருவர்; பத்திரிகையாளரும் அழைக்கப்படுவர். கதவைத் திறந்து வைத்திருக்கும் ஒரு வீடு, பெண்கள் வரும்போது மட்டும் தனது அந்தரங்கத்தை நினைவுகூர்வது ஏற்கத்தக்கதன்று என்பதே தீர்ப்பின் உட்கிடை எனலாம். மேலும், பெண்களைச் சேர்ப்பதனாற் கழகங்களின் நோக்கம் கெடாது. ஊரின் தொழில் வாழ்வைப் பிரதிபலித்தல் என்ற நோக்கம் இன்னும் நன்கு நிறைவேறும் என்றும் நீதிமன்றம் கூறிற்று. கழகத்தின் சொந்த விதியே கழகத்துக்கு எதிரான சாட்சியாயிற்று.

அவ்வாண்டு யூலையில் டுவார்ட்டேக் கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றவர் சில்வியா விற்லொக் என்னும் பாடசாலை அதிபர். றோட்டரி இயக்கத்தின் முதற் பெண் கழகத் தலைவர் அவரே. தீர்ப்பு அமெரிக்காவுக்கு மட்டுமே உரியதாயினும், 1989இற் கூடிய சட்டவாக்கப் பேரவை அங்கத்துவம் ஆண்களுக்கு மட்டுமுரியது என்ற விதியை உலகெங்கணும் நீக்கியது. 1964இல் இலங்கைக் கழகம் கோரியது இதனையே. 1990 யூன் மாதமளவில் பெண் அங்கத்தவர் தொகை இருபதினாயிரத்தைக் கடந்திருந்தது.

இவ்வெற்றியின் எல்லையையும் நோக்குதல் வேண்டும். கழகத்தினுள் வந்தவர்கள் அதிபர்கள், மருத்துவர்கள், முகாமையாளர்கள். அதாவது ஏற்கெனவே சமூகத்திற் பதவி பெற்றிருந்த பெண்கள். தொழிற்றுறைப் பிரதிநிதித்துவம் என்ற விதி அவர்களுக்குக் கதவைத் திறந்தது. அவ்விதியே வயலிலும் தோட்டத்திலும் உழைக்கும் பெண்ணுக்குக் கதவை மூடியபடி வைத்திருந்தது. மகிலா சமித்தி சென்ற கிராமத்துக்கும் றோட்டரி கூடிய விடுதிக்கும் இடையிலுள்ள தூரம் பால் வேறுபாட்டினால் மட்டும் ஏற்பட்டதன்று.

அதே காலத்தில் இயக்கத்தின் பணியும் மாறிற்று. போலியோ நோயை ஒழிக்கும் திட்டத்தை 1985இல் றோட்டரி மேற்கொண்டது. இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், தேசியத் தடுப்பு மருந்து நாட்களில் வடபகுதிப் போராளிகளுடன் போர்நிறுத்தம் பேசி முடிப்பதில் யுனிசெப் நிறுவனத்தோடு றோட்டரியும் பங்குகொண்டது. இம்முயற்சியில் முன்னின்ற கே. ஆர். இரவீந்திரன் 2015-16ஆம் ஆண்டில் சர்வதேசத் தலைவரானார். இந்நாட்டின் இறுதிப் போலியோ நோயாளி 1993இற் கண்டறியப்பட்டார். போர் நிறுத்தத்தைப் பேசியோர் பதவியிலிருந்தோர். குழந்தையின் வாயில் துளி மருந்து சேரும்வரை வீடு வீடாகச் சென்றோரும் குழந்தையைத் தூக்கி வந்தோரும் பெரும்பாலும் குடும்பநல உத்தியோகத்தரும் தாய்மாருமே.

இயக்கத்தின் சர்வதேசத் தலைமைக்கு முதன்முதலாக ஒரு பெண், கனடாவைச் சேர்ந்த ஜெனிபர் ஜோன்ஸ், 2022 யூலையில் வந்தார். சிக்காகோக் கூட்டம் நடந்து 117 ஆண்டுகளும், இலங்கையின் பிரேரணை மீளப்பெறப்பட்டு 58 ஆண்டுகளும் அப்பொழுது கழிந்திருந்தன.