கன்வெர்டிபிள் கார் கூரை ஏன் ஒழுகுகிறது? ஒரு மழைக்கோட்டின் கதை

இங்கிலாந்தில் மான்செஸ்டரில் இருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் போனில் புலம்பினார். ஆசைப்பட்டு ஒரு பழைய கன்வெர்டிபிள் கார் வாங்கியிருக்கிறார். மடக்கி வைக்கிற துணிக் கூரை. மழை பெய்தால் டிரைவர் சீட்டின் ஓரம் நனைந்துவிடுகிறது. துணிக்கு அடிக்கிற நீர்புகா ஸ்பிரேயை மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டார், ஒன்றும் நடக்கவில்லை. கூரையையே புதுசாக மாற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அது சின்னச் செலவு இல்லை.

எனக்குக் கார் ஓட்டவே தெரியாது. ஆனால் மான்செஸ்டர் என்றதும் ஒரு பழைய கதை ஞாபகத்துக்கு வந்தது. அவர் காரின் கூரைத்துணிக்குப் பாட்டன் முறையில் ஒரு துணி உண்டு. அது தயாரானதே அந்த ஊரில்தான். அந்தக் கதை தெரிந்தால் ஓட்டை எங்கே இருக்கும் என்பதும் பாதி தெரிந்துவிடும். அதனால்தான் இந்தக் குறிப்பு.

துணியில் தண்ணீர் இறங்காமல் செய்யும் ஆசை ரொம்பப் பழசு. கப்பல்காரர்கள் பாய்த் துணியில் தார் பூசினார்கள். நாம் சொல்லும் தார்ப்பாய் என்ற சொல்லிலேயே அந்தத் தார் இருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் பூசிக் காயவைத்த துணியும் இருந்தது. குதிரை வண்டிகளுக்கு எண்ணெய் ஊட்டிய தோலில் மடக்குக் கூரை போட்டார்கள். இன்று திறந்த காருக்குச் சொல்கிற ‘கேப்ரியோலே’ என்ற பெயரே 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் குதிரை வண்டி ஒன்றின் பெயர்தான். ஆனால் இந்தப் பூச்சு எல்லாவற்றிலும் ஒரு தொல்லை. ஒன்று, வெயிலில் பிசுபிசுக்கும். இல்லையென்றால் மடிக்க மடிக்க விரிசல் விடும். மடக்குகிற கூரைக்கு மடிப்பே ஆகாது என்றால் என்ன செய்வது?

இதற்கு வழி கண்டவர் கிளாஸ்கோ நகரத்து ரசாயனக்காரர் சார்லஸ் மெக்கிண்டாஷ். குடும்பத் தொழில் சாயம். சாயத்துக்கு அம்மோனியா வேண்டும். நிலக்கரியிலிருந்து விளக்கு எரிக்கும் வாயு எடுக்கும் ஆலையின் கழிவில் அது கிடைத்தது. கூடவே தாரும் வந்தது. தாரை வடித்தால் நாப்தா. அந்த நாப்தாவில் ரப்பர் கரையும். எடின்பரோவில் மருத்துவ மாணவராக இருந்த ஜேம்ஸ் சைம் என்பவர் இதை முன்பே கண்டு சொல்லியிருந்தார்.

மெக்கிண்டாஷின் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. கரைத்த ரப்பரைத் துணியின் மேலே பூசினால் கையில் ஒட்டும். அவர் இரண்டு துணிகளுக்கு நடுவே அதை வைத்து அழுத்தினார், போளிக்குள் பூரணம் மாதிரி. வெளியே தொட்டால் சாதாரணத் துணி, உள்ளே தண்ணீர் தாண்டாத ஒரு படலம். 1823-ல் காப்புரிமை வாங்கினார். பிறகு மான்செஸ்டரில் ஆலை வந்தது. மழைக்கோட்டுக்கே அவர் பெயர் ஆகிவிட்டது.

சரி, துணி நனையவில்லை. கோட் நனைந்தது! ஏன்?

தையல்காரர்கள்தான் காரணம். அவர்கள் வழக்கம்போல ஊசி நூல் எடுத்துத் தைத்தார்கள். ஒவ்வொரு குத்தும் நடுவில் இருந்த ரப்பர் படலத்தில் ஒரு துளை. போதாததற்கு, திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி நூல் தண்ணீரை உள்ளே இழுத்தது. கடைசியில் கம்பெனிக்காரர்களே கோட் தைக்க இறங்கினார்கள். தைத்த கோட்டின் மேல் ரப்பர் கரைசல் பூசி அடைத்தார்கள்.

இன்னொரு குறையும் இருந்தது. அந்த ரப்பர் வெயிலில் இளகியது, குளிரில் விறைத்தது. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் நிற்கும் என்பதை அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டார். மெக்கிண்டாஷின் கூட்டாளி தாமஸ் ஹான்காக் 1843-ல் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு முந்திக்கொண்டார். ரப்பரின் குறை தீர்ந்தது. ஊசித் துளை அப்படியே இருந்தது.

பிறகு கார் வந்தது. ஆரம்பத்தில் பெரும்பாலான கார்கள் திறந்தவைதான், மழைக்கு ஒரு மடக்குக் கூரை. 1920-களில் அமெரிக்காவில் மூடிய கார் விலை இறங்கியதும் மக்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். திறந்த கார் ஆசைக்கு வாங்கும் பொருளாக மாறியது. ஆனாலும் நல்ல கூரைத்துணியின் கட்டுமானம் மாறவில்லை. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே ரப்பர். அதே போளிதான்.

இதற்கு ஒரு மலிவான தம்பி உண்டு. துணியின் ஒரு முகத்தில் மட்டும் பிளாஸ்டிக் பூச்சு. நம்மூரில் ஆட்டோ சீட்டுக்கும் கூரைக்கும் போடுவதை ரெக்சின் என்கிறோமே, அந்தப் பெயரும் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் இருந்த ஒரு கம்பெனியின் வணிகப் பெயர்தான்.

இப்போது நண்பரின் காருக்கு வருவோம். அவர் ஸ்பிரே அடித்தது மேல்துணிக்கு. அதனால் மழைத்துளி உருண்டு ஓடும், துணி ஊறாது, பாசி பிடிக்காது. நல்லதுதான். ஆனால் தண்ணீரை உண்மையில் நிறுத்துவது நடுவில் இருக்கும் ரப்பர். அது கிழியாதவரை பரந்த துணிப்பரப்பு வழியாக ஒழுகுவது அபூர்வம். 200 வருஷமாக ஒழுகுவது ஓரங்களில்: தையலில், கண்ணாடி ஒட்டிய விளிம்பில், கதவோரத்து ரப்பர் பட்டையில்.

அதனால் அவரிடம் சொன்னது இவ்வளவுதான். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விடட்டும், கீழிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே. எந்த உயரத்தில் சொட்டு வருகிறதோ அங்கே நிறுத்திப் பாருங்கள். தையல் என்றால், மிதமான சோப்பும் மென்மையான பிரஷும் வைத்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, தையல் அடைக்கும் திரவத்தை நூல்வரிசை மேலேயே தடவுங்கள். ஸ்பிரே எல்லாம் அதற்குப் பிறகு. நூலே வெயிலில் இற்றுப்போயிருந்தால் பழைய துளைகளிலேயே மறுபடி தைக்கச் சொல்லுங்கள். புதுத் துளை போட்டால் புது ஒழுகல்.

இன்னொன்று. பல கார்களில் கூரையின் அடியோரத்தில் தண்ணீர் வடிய குழாய் இருக்கும். இலை அடைத்தால் தண்ணீர் உள்ளே திரும்பும். வளையும் பிளாஸ்டிக் குழாயால் குத்திவிடுங்கள், கம்பி வேண்டாம். தரைவிரிப்பைத் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சையும் காயவையுங்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் ஊறி இரும்பைத் தின்றுகொண்டிருக்கும்.

ரெண்டு வாரம் கழித்து நண்பர் ஒரு போட்டோ அனுப்பினார். கண்ணாடிக்கு மேலே, விரல் நீளத்துக்கு ஒரு தையல், நூல் நைந்து கிடந்தது. அவ்வளவுதான் விஷயம். கூரையை மாற்றவில்லை.