சண்டே மார்க்கெட்டில் கிடைத்த ஒரு 'அ'

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல, சாக்கு விரிப்பு மேல வெயில்ல கிடந்த ஒரு பழைய எலெக்ட்ரானிக் போர்டுல இருந்து இன்னைக்கு ஆரம்பிக்கிறேன். "அண்ணே, அது செத்துப்போன சாமான். தங்கம் எடுக்கிறவங்கதான் வாங்குவாங்க"ன்னார் கடைக்காரர். நான் வாங்கிட்டேன். காரணம், அதிலிருந்த இரண்டு ஐசி-க்களின் முதுகில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது.

அப்படி ஜன்னல் இருந்தால் அது பெரும்பாலும் ஈப்ராம். 1971-இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கியது. முதலில் வந்த 1702-இல் வெறும் 256 பைட்தான் பிடிக்கும். சுற்றிலும் காப்பிடப்பட்ட நுண்ணிய பகுதிக்குள் எலெக்ட்ரான்களை அடைத்து வைப்பதுதான் அதன் நினைவாற்றல். ஜன்னல் வழியே புற ஊதாக் கதிர் பட்டால் அவை தப்பிவிடும், எழுதியது அழிந்துவிடும். அதனால்தான் மேலே ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நேரடி வெயிலில் ஏறக்குறைய ஒரு வாரம் கிடந்தால் போதும் என்று இன்டெல் கையேடுகளே எச்சரித்தன.

என் ஐசி-யில் 27256, அதன் கீழே 8723 என்று இருந்தது. 27 என்பது ஈப்ராம் வரிசை. 256 கிலோபிட், அதாவது 32 கிலோபைட். 8723 என்றால் 1987-இன் 23-ஆவது வாரம். ஆனா அவசரப்படக் கூடாது. 7404-ன்னு இருந்தா 1974-இன் 4-ஆவது வாரம்னு தோணும். அது ஒரு லாஜிக் ஐசி-யின் பெயராவும் இருக்கலாம்.

ஒரு ஐசி-யில் ஸ்டிக்கர் உதிர்ந்திருந்தது. படித்துப் பார்த்தால் எல்லா பிட்டும் 1. அதாவது வெற்று. போனது போனதுதான். மற்றதை மூன்று முறை படித்தேன். மூன்றும் ஒத்துப்போயின. மாறியிருந்தால் மின்னூட்டம் கசியத் தொடங்கிவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும். பிட்டுகளைப் புள்ளிகளாக வரிசை வரிசையாக வரைந்தேன். ஒரு 'அ' வந்தது!

இன்று எழுத்துரு ஒரு கோப்பு. அன்று பல பிரிண்டர்களில் எழுத்தின் வடிவம் ஐசி-க்குள்தான் இருந்தது. ஐஐடி கான்பூரில் தொடங்கி சி-டாக் வெளியிட்ட ஜிஸ்ட் கார்டும், கணினியில் செருகும் அட்டையாகத்தான் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தது. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தது. அதற்குப் பிறகு வந்த கருவிகள் பழைய 'லை'யைப் போட்டனவா, புதியதைப் போட்டனவா? அதைச் சொல்லும் சாட்சிகளில் இந்த ஐசி-க்களும் உண்டு.

மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே, செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கு. புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஏடு செல்லரிக்கும் முன்னால் யாரோ உட்கார்ந்து பிரதி எடுத்ததால்தான் அந்த நூல்கள் நம்ம கைக்கு வந்தன. ஐசி-க்கும் அதே வேலைதான், ஆனா அவகாசம் குறைவு.

வீட்டுப் பரண்ல பழைய போர்டு இருந்தா, முதல்ல ஜன்னல் மேல வெளிச்சம் புகாத டேப் ஒட்டுங்க. எண்களைப் போட்டோ எடுங்க. தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்துப் படிச்சு, நகலை இரண்டு இடத்துல வையுங்க. எடைக்குப் போடுறதை அப்புறம் பார்த்துக்கலாம்.