ஒரு புகாருக்கு உரை

"சீட்ல நல்லா ஓடுது சார். மீட்டிங் ரூமுக்குப் போனா கால் கட் ஆகுது. சிக்னல் காட்டுது. வைஃபையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுது. போன்ல இந்தப் பிரச்சனையே இல்ல."

எந்த அலுவலகத்து ஐடி பிரிவுக்கும் வருகிற புகார்தான். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று பதில் போய்விடும். ஆனால் வரிவரியாகப் படித்தால் பழுது எங்கே என்பதை அவரே சொல்லிவிட்டார்.

'சீட்ல நல்லா ஓடுது': ஆகவே பாஸ்வேர்டையும் இன்டர்நெட் லைனையும் சந்தேகிக்க வேண்டாம்.

'மீட்டிங் ரூமுக்குப் போனா': கால் நடுவில் கட் ஆகிறது என்பதால், லேப்டாப்பை மூடாமல் கையில் ஏந்தி நடந்திருக்கிறார் என்று கொள்க. வழியில் ஒரு அக்சஸ் பாயின்டை விட்டு இன்னொன்றைப் பிடிக்க வேண்டும், இதுதான் ரோமிங். எப்போது விடுவது என்று முடிவுசெய்வது லேப்டாப். அக்சஸ் பாயின்டுகளை நிர்வகிக்கும் கண்ட்ரோலர் யோசனை சொல்லலாம், துண்டித்துவிடவும் செய்யலாம். அடுத்து எதில் போய் ஒட்டுவது என்பது லேப்டாப்பின் இஷ்டம். கையில் கிடைத்ததை விடாத லேப்டாப்புகளே அதிகம்.

'சிக்னல் காட்டுது': அந்தக் கோடுகள் அக்சஸ் பாயின்ட் அனுப்புவது இங்கே எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதை மட்டுமே காட்டும். லேப்டாப் அனுப்புவது அங்கே போய்ச் சேருகிறதா என்பதைக் காட்டாது. டிரான்ஸ்மிட் பவரை முழுக்க ஏற்றிவைத்த அலுவலகங்களில் இந்த ஏமாற்று சகஜம். பவரைக் குறைத்தால்தான் ரோமிங் சீராகும் என்று மேலதிகாரியை நம்பவைப்பது தனிப் பாடு.

'ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுது': புகாரின் உயிர் இந்த வரியில். ரூமில் நல்ல சிக்னல் இருக்கிறது, ஆகவே புது அக்சஸ் பாயின்ட் வாங்க வேண்டாம் என்பது இதன் முதல் பொருள். அடுத்த பொருள் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். எது என்று அறிய, ஆஃப் செய்வதற்கு முன்பும் ஆன் செய்த பின்பும் கமாண்ட் பிராம்ப்டில் 'நெட்ஷ் டபிள்யூலான் ஷோ இன்டர்ஃபேசஸ்' கொடுத்து, அக்சஸ் பாயின்டின் அடையாளமான பிஎஸ்எஸ்ஐடியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐபி முகவரியையும் பாருங்கள். பிஎஸ்எஸ்ஐடி மாறியிருந்தால் லேப்டாப் பழையதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அது மாறாமல் ஐபி மட்டும் வேறு வரிசைக்குப் போயிருந்தால், ரோமிங் நடந்துவிட்டது. அந்தப் பக்கம் லேப்டாப் வேறு விலானில், அதாவது நெட்வொர்க்கின் வேறு பிரிவில், விடப்பட்டிருக்கிறது. பின்னதற்கு லேப்டாப்பில் எதை மாற்றியும் பயனில்லை, நெட்வொர்க்காரரைக் கூப்பிட வேண்டும்.

முன்னதற்கு: டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் 'அட்வான்ஸ்டு' பகுதி. இன்டெல் கார்டுகளில் 'ரோமிங் அக்ரெசிவ்னஸ்' ஐந்து படிகளில் இருக்கும். நடுப்படியிலிருந்து ஒரு படி ஏற்றினால் போதும். உச்சத்தில் வைத்தால் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே இரண்டு அக்சஸ் பாயின்டுக்கு நடுவே தாவிக்கொண்டிருக்கும். அதற்கும் முன்னால் டிரைவரைப் புதுப்பிப்பது நல்லது.

'போன்ல இந்தப் பிரச்சனையே இல்ல': போன் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொண்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் சாதனத்துக்குச் சாதனம் பொறுமையின் எல்லை வேறு. ஆப்பிள் தரும் கணக்கில் ஐபோன் மைனஸ் 70 டிபிஎம்மில் வேறு இடம் தேடத் தொடங்கும். மேக் மைனஸ் 75 வரை காத்திருக்கும், அதன்பிறகும் 12 டெசிபல் கூடுதலாக, அதாவது ஏறக்குறைய 16 மடங்கு பலமாக, இன்னொன்று கிடைத்தால்தான் நகரும். நெட்வொர்க் பக்கத்திலும் உதவலாம்: பக்கத்தில் யார் இருக்கிறார் என்று சாதனத்துக்குச் சொல்லும் 802.11கே, எங்கே போகலாம் என்று யோசனை சொல்லும் 802.11வி இரண்டையும் இயக்கிவைக்கலாம். மாறுவதை விரைவாக்கும் 802.11ஆர் மட்டும் சோதித்த பிறகு. சில பழைய லேப்டாப்புகள் அதைக் கண்டால் இணையவே மறுக்கும்.

புகாரில் ஒன்றுதான் குறை, நேரம் இல்லை. விண்டோஸில் 'நெட்ஷ் டபிள்யூலான் ஷோ டபிள்யூலான்ரிப்போர்ட்' கடைசி மூன்று நாள் இணைப்பு விவரத்தை நிமிடக் கணக்கோடு தரும். ஆகவே புகார் எழுதுபவர்களே, கால் எத்தனை மணிக்கு கட் ஆனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், மூன்று நாளுக்குள்.