குழந்தையின்மை: பெண்கள் சுமக்கும் மனத்துயர்

கருத்தடை எதுவும் இல்லாமல் ஓராண்டுக் காலம் இணைந்து வாழ்ந்தும் கரு தங்காத நிலையை மருத்துவம் குழந்தையின்மை என்கிறது. வயதுவந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் இதைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஏப்ரலில் அறிவித்தது. மருத்துவக் கோப்பில் இது கணவன், மனைவி இருவரின் சிக்கல். வீட்டிலோ பெரும்பாலும் அவளுடைய குறை. பெண் படும் வேதனையில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

தமிழ்நாட்டில் அது “விசேஷம் ஏதும் உண்டா?” என்ற விசாரிப்பில் தொடங்கும். கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே உறவுக்காரர்கள் கேட்டுவிடுவார்கள். ஆண்டுகள் ஓடினால் கேள்வி நின்று, கிசுகிசுப்பு வரும். அகராதியில் மலடன் என்ற சொல்லும் இருக்கிறது. ஆனால் தெருச் சண்டையில் காதில் விழுவது மலடிதான். வளைகாப்பு வீட்டில் வளையல் அடுக்க ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிடும்போது தன்னைத் தாண்டிப் போய்விடுவார்களோ என்று பயந்து, தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. 2010இல் வெளிவந்த பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலில் காளியும் பொன்னாவும் வாழ்வது ஊர்ப்பேச்சின் இந்த நெருக்குதலுக்கு நடுவில்தான்.

இந்தத் துயரின் ஆழம் சாதாரணமானதல்ல. அமெரிக்க உளவியலாளர் ஆலிஸ் டோமரும் சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையில்லாத பெண்களிடம் காணப்பட்ட பதற்றமும் மனச்சோர்வும் புற்றுநோயாளிகளின் அளவுக்கு இருந்தன. புற்றுநோய் என்றால் ஊரே வந்து பார்க்கும். இவள் இழந்ததற்கு உருவமோ பெயரோ இல்லை. துக்கம் விசாரிக்க ஆள் வருவதில்லை. சமூகம் இழப்பாகவே ஏற்காத இத்தகைய துக்கத்தைத் தனி வகையாக எடுத்துக்காட்டினார் துக்கம் குறித்து ஆராய்ந்த கென்னத் டோகா. இங்கே அது மாதாமாதம் திரும்பியும் வருகிறது: நாள் தள்ளிப்போனால் நம்பிக்கை, குளியலறையில் ரத்தக்கறை கண்டதும் மறுபடி முதலிலிருந்து.

சிகிச்சை இந்தச் சுழற்சியை இன்னும் இறுக்குகிறது. சோதனைக்குழாய் முறையில் தினம் ஊசி, அடிக்கடி ஸ்கேன். மாமியாருக்குத் தெரியக் கூடாதென்று ஃபிரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பின்னால் மருந்தை ஒளித்து வைக்க வேண்டிய வீடுகளும் உண்டு. கருவைக் கருப்பைக்குள் வைத்த பிறகு ரத்தப் பரிசோதனை வரை ஏறத்தாழ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அப்போது தரப்படும் புரோஜெஸ்டிரோன் மருந்து மார்பு வலியையும் சோர்வையும் உண்டாக்கும். இவை கர்ப்பத்தின் அறிகுறிகளும்கூட. தன் உடம்பு சொல்வதையே நம்ப முடியாத நாட்கள் அவை. கடன் வாங்கிக் கட்டிய பணம் வேறு நெஞ்சை அரிக்கும்.

குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, தனித்தோ மனைவியின் காரணத்தோடு சேர்ந்தோ, கணவனின் உடலும் காரணமாகிறது. விந்துப் பரிசோதனை எளிதானது, செலவும் குறைவு. இருந்தும் பல குடும்பங்களில் மனைவிக்கு எல்லாப் பரிசோதனைகளும் முடிந்த பிறகே கணவனின் முறை வருகிறது. குறை அவனிடம் என்று தெரிந்த பிறகும் அவன் மானம் காக்கத் தானே பழியைச் சுமக்கும் மனைவிக்கு, வாய்விட்டு அழக்கூட இடமில்லை.

“மனசை நிம்மதியா வெச்சுக்கோ, தானா தங்கும்” என்பது நல்லெண்ணத்தில் சொல்லப்படும் ஆறுதல். ஆனால் அது தோல்விக்கும் அவளையே பொறுப்பாக்குகிறது. உளவியலாளர் ஜாக்கி பாய்வினும் உடன் ஆய்வாளர்களும் 14 ஆய்வுகளில் இடம்பெற்ற 3,583 பெண்களின் விவரங்களைத் தொகுத்து 2011இல் வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு முன்பிருந்த மனவேதனைக்கும், அந்தச் சுற்றில் கரு தங்குவதற்கும் தொடர்பு தெரியவில்லை. கவலைப்பட்டதால்தான் தங்கவில்லை என்று தன்னையே நொந்துகொள்ளும் பெண்ணுக்கு மருத்துவர் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இது.

எல்லாரும் ஒடுங்கிப் போவதில்லை. கேரளத்தில் குழந்தையில்லாத பெண்களைச் சந்தித்த சமூகவியலாளர் கேத்தரின் ரீஸ்மன், ஏச்சுக்குப் பதிலடி கொடுத்தவர்களையும், கேள்வி வரும் இடங்களைத் தந்திரமாகத் தவிர்த்தவர்களையும் 2000இல் பதிவு செய்தார். வயதும் வசதியும் கூடக்கூட எதிர்த்து நிற்பது எளிதாயிற்று. இளம் மருமகள்களுக்குத்தான் வழி குறைவு.

இந்தியாவின் 2021ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, சிகிச்சையின் விளைவுகள், வெற்றி வாய்ப்பு குறித்துத் தம்பதியருக்கு உரிய ஆலோசனை தருவது மருத்துவமனையின் கடமை. அந்த ஆலோசனையில் கணவனும் அருகில் உட்கார வேண்டும். எத்தனை சுற்று வரை முயல்வது, எப்போது நிறுத்துவது, தத்தெடுப்பதா என்பதையெல்லாம் முதல் ஊசிக்கு முன்பே இருவரும் பேசிக்கொள்ள அங்கே நேரம் வேண்டும்.