நாலு பரப்பு வளவின் கதை

கால் ஏக்கர் என்றால் எங்கள் யாழ்ப்பாணக் கணக்கில் நாலு பரப்பு, தமிழ்நாட்டுக் கணக்கில் 25 சென்ட். அவுஸ்திரேலிய நகரங்களின் புறப்பகுதிகளில் ஒரு தொழிலாளிக் குடும்பம் கனவு கண்ட மனை அதுதான். பலருக்கு அதைவிடக் குறைவாகவே கிடைத்தது. ஆனாலும் பேச்சில் கால் ஏக்கர் நிலைத்துவிட்டது. முன்னுக்கு வீடு, பின்னுக்கு நீள வளவு. மெல்பேர்னில் வீடு தேடி அலைந்த நாட்களில் அந்தப் பின்வளவின் பழைய கதையைத் துருவத் தொடங்கினேன். இயற்கை மேல் உள்ள காதலால் அங்கே மரக்கறி நட்டவர்கள் மிகக் குறைவு என்பதுதான் முதலில் பிடிபட்டது. கையில் காசு போதாது, கடை தூரம், வாய்கள் அதிகம். அவ்வளவுதான்.

வளவின் கடைசி மூலையில் கக்கூஸ் இருக்கும். வாளி வைத்த கக்கூஸ். மெல்பேர்னில் 1897இல்தான் முதல் வீடுகள் நிலத்தடிச் சாக்கடையோடு இணைந்தன. கழிவு வெரிபீ என்ற இடத்துக் கழிவுநீர்ப் பண்ணைக்குப் போனது. சிட்னியின் மேற்கில் 1970கள் வரைக்கும் இணைப்பில்லாத வீதிகள் ஏராளம். தொழிற்கட்சித் தலைவர் கஃப் விட்லம் 1972 தேர்தலில் சாக்கடை இணைப்பை ஒரு வாக்குறுதியாகவே பேசவேண்டியிருந்தது. அந்தக் கொட்டிலின் மேல் சௌசௌக் கொடியைப் படரவிடுவார்கள். இங்கே அதற்குச் ‘சோக்கோ’ என்று பெயர். வெயிலை மறைக்கும், நாற்றத்தை மறைக்காது, காய்க்கத் தொடங்கினால் நிறுத்தாது. வயதான அவுஸ்திரேலியர்களிடம் சோக்கோப் பேச்சை எடுத்துப் பாருங்கள், முகத்தைச் சுளிப்பார்கள். சின்ன வயதில் வெறும் தண்ணீரில் அவித்த காயைத் தின்று வளர்ந்தவர்கள். தேங்காய்ப்பாலும் மிளகாய்த்தூளும் எட்டாத பாவங்கள்!

பக்கத்தில் ஒரு தேசிமரம், வேலியோரம் கோழிக்கூடு. சமையலறை மிச்சம் கோழிக்கு, கோழி எரு பாத்திக்கு, முட்டை வீட்டுக்கு. இரண்டாம் உலகப் போரில் இதெல்லாம் நாட்டுக் கடமையாகவே ஆனது. 1942இல் தேயிலையும் சீனியும், 1943இல் வெண்ணெய், 1944இல் இறைச்சி என்று ஒவ்வொன்றாகப் பங்கீட்டுக்குள் போயின. வந்திறங்கிய அமெரிக்கப் படைகளுக்கும் மரக்கறி வேண்டும். ஆகவே வீட்டு முற்றத்தைக் கொத்துங்கள் என்று அரசாங்கமே சொன்னது.

போர் முடிந்ததும் புல்லின் காலம் வந்தது. 1952இல் சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் என்பவர் ‘விக்டா’ புல்வெட்டும் யந்திரத்தைச் செய்தார். முதல் மாதிரியில் பெற்றோல் தாங்கியாகப் பொருத்தியது பீச் பழம் அடைத்து வந்த தகரப்பேணி. பாத்திகள் இருந்த இடத்தைப் புல்தரை பிடித்தது. சுப்பர்மார்க்கெட்டில் முட்டை மலிந்தது. அதிகாலையில் கூவும் சேவல் பல நகரசபைகளில் விதிமீறல் ஆனது. வாழ்க்கை வசதி கூடியவர்கள் கொத்துவதை விட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

விடாதவர்கள் இத்தாலியரும் கிரேக்கரும். 1951இல் இத்தாலியோடும் 1952இல் கிரேக்கத்தோடும் ஆன உடன்படிக்கைகளின் கீழ் வந்தவர்கள் புல்லைக் கிளறி எறிந்துவிட்டுத் தக்காளியும் போஞ்சியும் நட்டார்கள். அத்தி, ஒலிவ், கார் நிறுத்தும் பாதைக்கு மேலே திராட்சைப் பந்தல். கோடை முடியும்போது குடும்பமே கூடித் தக்காளியைக் கூழாக்கிப் போத்தல்களில் அடைக்கும். அயலவர்கள் அதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று சிரித்தார்கள். வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை முற்றாக ஒழிந்தது 1973இல்தான். அதற்கு முன்பே எங்களையும் உள்ளே விட்டிருந்தால் அந்தத் தெருக்களில் முருங்கையும் நின்றிருக்கும், குளிருக்குத் தாக்குப்பிடித்தால்.

பிறகுதான் ‘பெர்மகல்ச்சர்’ என்ற தோட்ட வடிவமைப்பு முறை வந்தது. ஹோபார்ட்டில் பில் மொலிசனும் அவரைவிட மிக இளைய மாணவரான டேவிட் ஹோம்கிரனும் சேர்ந்து 1978இல் வெளியிட்ட நூலோடு அந்தச் சொல் உலகத்துக்குப் போனது. அதன் பாடம் இதுதான்: ஒவ்வொரு உயிரும் இரண்டு மூன்று வேலை செய்யவேண்டும், தினமும் பறிப்பது வாசலுக்குக் கிட்ட நிற்கவேண்டும், ஒன்றின் கழிவு மற்றதன் உணவு. சாவகச்சேரியில் என் அம்மம்மா கிணற்றடித் தண்ணீரை வாழைக்கு வெட்டிவிட்டபோது இதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனாலும் அம்மம்மாவின் கைப்பழக்கத்தை யாரும் படித்துச் செய்யக்கூடிய வரைபடமாக்கியது அந்த இருவரின் வேலை. அந்த மதிப்பைக் கொடுத்தே ஆகவேண்டும். ஹோம்கிரன் 2018இல் எழுதிய தடித்த நூல் முழுவதும், இருக்கிற புறநகர் வீடுகளையே திருத்தி எப்படி வாழலாம் என்பதைப் பற்றியது. புதுக் காட்டை வெட்டிக் குடியேறத் தேவையில்லை என்பது அவர் கட்சி. நானும் அதே கட்சி.

பழைய வளவு வாங்கினால் மண்ணை நம்பி உடனே கீரை விதைக்காதீர்கள். அந்தக் காலத்துப் பூச்சிலும் பெற்றோலிலும் இருந்த ஈயம் இன்னும் மண்ணில் கிடக்கலாம். மக்குவாரி பல்கலைக்கழகத்தின் ‘வெஜ்சேஃப்’ திட்டம் வீட்டுத் தோட்ட மண்ணைச் சோதித்துச் சொல்லியிருக்கிறது. நீங்களும் முதலில் மண்ணைச் சோதித்துப் பாருங்கள்.

புதுப் புறநகர்களின் கதை வேறு. மெல்பேர்ன் ஓரங்களில் இப்போது விற்கும் மனைகள் பல 400 சதுர மீட்டருக்கும் குறைவு. நாலு பரப்பு ஒன்றரைப் பரப்பாகிவிட்டது. வீடோ முன்பைவிடப் பெரிது. அதில் பின்வளவுக்கு எங்கே இடம்? வீடு கட்டப்போகும் எங்களவர்கள் நாலாவது படுக்கையறைக்குக் கையெழுத்து வைப்பதற்கு முன், வடக்குப் பக்கம் பத்தடி மண்ணாவது மிஞ்சுகிறதா என்று வரைபடத்தைப் பாருங்கள். இந்த நாட்டில் வெயில் வடக்கிலிருந்துதான் வரும்.