வளரிளம் பருவத்தினரின் சமூகப் பதற்றமும் சமூக ஊடகப் பயன்பாடும்

வளரிளம் பருவத்தில் பிறர் தம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம் மேலோங்குவது இயல்பு. புதியவர்களிடம் பேசக் கூச்சப்படுவது நோய் அன்று. ஆனால், பிறர் தம்மை இகழ்வர் என்ற அச்சம் ஆறு மாதங்கள் அல்லது அதற்கு மேல் நீடித்து, படிப்பையும் நட்பையும் பாதித்தால், அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். இதற்குச் சிகிச்சை உண்டு.

சமூக ஊடகத்தின் பங்கு என்ன?

பதற்றம் உள்ள பிள்ளைக்கு நேரில் பேசுவதைவிடக் கைப்பேசி வழியே பழகுவது எளிது. அது அப்போதைக்கு நிம்மதி தரும். எனினும், நேரடிப் பழக்கத்தைத் தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வலுக்கும். பிறர் தேர்ந்தெடுத்து, மெருகேற்றிப் பதிவிடும் படங்களோடு தம் அன்றாட வாழ்வை ஒப்பிடும்போது தன்மதிப்பும் குறையக்கூடும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• பள்ளி செல்லவோ வகுப்பில் பேசவோ தொடர்ந்து மறுத்தல்
• பிறர் முன்னிலையில் படபடப்பு, வியர்வை, நடுக்கம், வயிற்றுவலி
• பதிவிட்ட படத்திற்கு விருப்பக்குறிகள் குறைந்தால் மனமுடைதல்
• இரவில் கைப்பேசியால் உறக்கம் கெடுதல்

பெற்றோர் செய்யக்கூடியவை

• கைப்பேசியைத் திடீரெனப் பறிக்காதீர்கள். பிள்ளைக்கு இருக்கும் ஒரே நட்புத் தொடர்பு அதுவாக இருக்கலாம். பயன்படுத்தும் நேரத்தைப் பிள்ளையுடன் கலந்து முடிவு செய்யுங்கள். இரவில் வீட்டிலுள்ள அனைவரின் கைப்பேசிகளையும் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள்.
• சிறு படிகளாகப் பழக்குங்கள்: முதலில் கடையில் பொருள் கேட்டு வாங்குதல், பின்னர் உறவினரிடம் தொலைபேசியில் பேசுதல், அதன்பின் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டல்.
• பிள்ளையிடம் கேட்கப்படும் கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்.
• மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள்.

இதை வாசிக்கும் நீங்களே வளரிளம் பருவத்தினர் எனில், உங்கள் அச்சம் கோழைத்தனம் அன்று என்பதை அறியுங்கள். நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் அதைச் சொல்வதே முதற்படி.

சிகிச்சை

அச்சமூட்டும் எண்ணங்களை ஆராய்ந்து, தவிர்த்துவந்த சூழல்களைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மருந்தும் பரிந்துரைப்பார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் ஆலோசனை பெறலாம்.

உடனடி உதவி தேவைப்படும்போது

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ தனியே விடாதீர்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள்.